கொண்டைப் பணியாரமும் என் வாயும்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பன்னிரண்டு வயதில் விருதுநகரில் ஒரு மிட்டாய்க் கடைக்குச் சட்டி கழுவப் போனேன். பிறகு அதே ஊரில் சொந்தமாக மூன்று பலகாரக் கடை, மாடி வைத்த வீடு, இரண்டு பெண்களுக்கும் கல்யாணம். கை தூக்கிவிட ஒரு ஆள் கிடையாது. அதுவும் போதாதென்று மூன்று வருடங்களுக்கு முன், அறுபது தாண்டிய வயதில், கண்டி டவுனில் நாலாவது கடையைத் திறந்தேன். "இந்த வயசுல வெளிநாடா?" என்று சிரித்தவர்கள் இப்போது சிரிப்பதில்லை.

வந்த புதிதில் நான் கடையில் உட்கார்ந்ததைவிடத் தின்று திரிந்ததுதான் அதிகம். தொழில்காரன் அல்லவா! பேக்கரியில் முதலை மாதிரி நீட்டிச் சுருட்டி, மேலே சீனி அப்பிய கிம்புலா பணிஸ்! தேங்காய்ப்பாலில் கிண்டி, விரலில் எண்ணெய் மினுங்கும் தொதல்! முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டலப்பம் என்றால் ஒரே மூச்சில் இரண்டு கிண்ணம். ஆனால் என்னை அசத்தியது கொண்டைப் பணியாரம்தான். நம் அதிரசத்துக்கு உச்சியில் கொண்டை முடிந்துவிட்ட மாதிரி, நடுவில் குமிழாக எழும்பி நிற்கும்.

சித்திரை வருடப்பிறப்பு நெருங்கியபோது பிலிமத்தலாவையிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி வந்தார். தன்னிடம் வேலை செய்பவர்களுக்கு நாற்பது பலகாரத் தட்டு வேண்டுமாம்.

"லட்டு எல்லாம் வைங்க மொதலாளி. ஆனா கொண்டப் பணியாரம் இல்லாம வருசத் தட்டு குடுக்க ஏலா. ஒங்களுக்குச் சுட வருமா?"

"அம்பது வருசமா அதிரசம் சுடுறவன்ட்ட கேக்குற கேள்வியா இது?" என்றேன்.

சுட்டேன். ஒன்றிலும் கொண்டை எழவில்லை. மறுபடி சுட்டேன். அப்படியே. கடையில் வேலை பார்த்த பெண், "ஐயா, எல்லாத்துக்கும் மொட்ட போட்டுட்டீங்களே!" என்று சிரித்தாள். புதுக் கடை, முதல் பெரிய ஆர்டர், தட்டு கொடுக்க ஒரு நாள்தான் பாக்கி. சொதப்பினால் டவுன் முழுக்கப் பேச்சாகிவிடும். அப்புறம் கடையை மூடிவிட்டுக் கப்பலேற வேண்டியதுதான்.

அந்தப் பெண்தான் என்னைப் பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்த தன் பெரியம்மாவிடம் கூட்டிப்போனாள். கொழுந்து பறிக்கிறவர். பக்கத்துச் சிங்கள வீட்டில் சுட்டுப் பழகிய கை. சுட்டுத் தரச் சம்மதித்தவர் போட்டது ஒரே நிபந்தனை.

"சட்டிகிட்ட யாரும் பேசப்படாதுங்க. பேசுனா பணியாரம் எண்ண குடிச்சிரும், கொண்ட நிக்காது."

தலையாட்டினேன். மாவை எண்ணெயில் விட்டு, நடுவில் ஈர்க்குச்சியைக் குத்திச் சுழற்றியபடியே கொதிக்கும் எண்ணெயை மேலே அள்ளி அள்ளி ஊற்றினார். மெல்ல எழுந்தது பாருங்கள் கொண்டை! எனக்குத் தாங்கவில்லை.

"அடேங்கப்பா! இத மட்டும் நான் சின்ன வயசுலயே..."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கொண்டை சாய்ந்தது.

"ஒங்க பெருமய எல்லாம் ரோட்டுல போய்ப் பேசுங்க. இல்லாட்டி வேற ஆளப் பாருங்க."

என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு மூலையில் குந்தினேன். இரண்டு மணி நேரம்! பாதிப் பணியாரம் அருமையாக வந்துவிட்டது.

அப்போதுதான் பாகு முறுகும் வாசனை மூக்கில் ஏறியது. மீதி மாவுக்காகப் பக்கத்து அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த கித்துள் பாணி, அதாவது கூந்தல் பனைப் பாகு, பதம் தாண்டப் போகிறது! இன்னும் ஒரு நிமிடம் விட்டால் கல். இருபது தட்டுக்கான பாணி, வேறு கையிருப்பு இல்லை. அந்த அம்மாவின் கண்ணோ எண்ணெய்ச் சட்டியில். கத்தினால் கரண்டியை வைத்துவிடுவார். கத்தாவிட்டால் பாணி போச்சு.

சத்தமில்லாமல் நகர்ந்து போனேன். எரிகிற விறகை வெறுங்கையால் உருவினேன். வாயிலிருந்த துண்டை அவிழ்த்துச் சட்டியைப் பிடித்து இறக்கி, வெந்நீர் விட்டுக் கிண்டினேன். விரல் பொசுங்கியது. ஒரு முனகல்கூட விடவில்லை. பாணி இளகிப் பளபளவென்று வந்தது.

ஈடு முடிந்து திரும்பியவர் பாணியை அகப்பையில் அள்ளி ஒழுகவிட்டுப் பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார்.

"பதம் தெரிஞ்ச ஆளுதான்" என்றார். அவ்வளவுதான்.

நாற்பது தட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று ஒவ்வொரு சித்திரைக்கும் அவர்தான் என் கடைக்குச் சுட்டுத் தருகிறார். வருகிறவர்கள் எல்லாம் அவர் கைப்பக்குவத்தைத்தான் புகழ்கிறார்கள். நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் வாய் பேசியே நாலு கடை கட்டியவன், வாய் திறக்காமல் செய்த ஒரே வேலை அது. அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஆகவே கொண்டை அந்த அம்மாவுடையது, அன்றைய பாணி என்னுடையது என்று நீங்களாவது பிரித்துச் சொல்லுங்கள்.