துருப்பிடிக்காத நட்டு

எங்கள் மீன் வண்டிக்கு அந்நிய ஆளைக் கண்டால் ஆகாது என்று சாச்சி சொல்வார். சாச்சா ஓட்டும்போது நூல் பிடித்த மாதிரி போகிற வண்டி, விலைக்குக் கேட்டு வந்தவர் ஸ்டியரிங்கைத் தொட்டால் போதும், சந்தைக்கு இழுத்துப் போகிற கிடாய் மாதிரி இடமும் வலமும் முரண்டு பிடிக்கும். "அதுக்கும் உசுரு இருக்குல்ல புள்ள. ஆள் அடையாளம் தெரியும்" என்பார், மீன் அலசிய தண்ணீரைக் கொட்டிக்கொண்டே.

ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் பள்ளி திறக்கும் முன்பே படித்து முடித்திருந்த எனக்கு இந்தப் பேச்சு ஆகாது. இரும்புக்கு உசுரு கிடையாது. ஆட்டம் இருந்தால் காரணம் இருக்கும். காரணம் இருந்தால் அதை நான் கண்டுபிடிப்பேன். அந்த வயதில் எனக்குச் சந்தேகம் என்று எதன் மேலும் வந்ததில்லை.

வண்டி அத்தாவுடையது, அதாவது என் அப்பாவுடையது. சவுதிக்குப் போகும் முன் அதை அவரே சில வருடம் ஓட்டியிருக்கிறார். போகும்போது தன் தம்பி கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தம்பிதான் என் சாச்சா. விடிவதற்குள் திருப்பாலைக்குடிக் கரையில் ஐஸ் போட்ட மீன்பெட்டிகளை ஏற்றி ராமநாதபுரம் கொண்டு சேர்ப்பார். திரும்பி வந்து என்னைப் பள்ளியில் விடுவார். வண்டி முழுக்க மீன் வாடை. என் புத்தகப் பைக்கும் அதே வாடை. வகுப்பில் யாரும் என் பக்கத்தில் உட்கார விரும்பாதது எனக்குக் கால் நீட்ட வசதியாக இருந்தது.

அந்த வருடம் அத்தா, சாச்சாவுக்கும் ஒரு விசா பார்த்துவிட்டார். வண்டியை விற்று, அந்தப் பணத்தில் சாச்சா கிளம்பி வர வேண்டியது. போனில் சாச்சா, "சரி காக்கா" என்றார். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். சிறு வயதிலேயே தகப்பனை இழந்த தம்பியை வளர்த்தவர், படிக்க வைத்தவர், கல்யாணம் முடித்து வைத்தவர் எல்லாம் அத்தாதான். ஆகவே அத்தாவிடம் சாச்சா "சரி காக்கா"வைத் தவிர வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை. அவரைக் கட்டிக்கொண்டு சாச்சி வீட்டுக்கு வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

வண்டிதான் விற்க மாட்டேன் என்றது. தேவிபட்டினத்திலிருந்து ஒரு மீன் வியாபாரி வந்தார். தொண்டியிலிருந்து பந்தல்காரர் ஒருவர் வந்தார். சாச்சா மாதிரி நேர்மையான ஆளைப் பார்க்க முடியாது. சாவியைக் கொடுக்கும்போதே, "ஸ்டியரிங்குல ஆட்டம் இருக்கு பாய். மறைச்சு விக்கக்கூடாதுல்ல" என்று சொல்லிவிடுவார். ஓட்டிப் பார்க்கப் போனவர்கள் ரோடு திரும்புகிற முடக்கு வரை போய், மாட்டு வண்டி வேகத்தில் திரும்பி வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு டீயை மட்டும் குடித்துவிட்டுப் போவார்கள்.

"மெக்கானிக்குட்ட காட்டுனியாடா?" என்று அத்தா போனில் கேட்பார். சாச்சா காட்டாமல் இல்லை. முன் டயர் இரண்டையும் மாற்றினார். அலைன்மென்ட் பார்த்தார். வீல் பேரிங் பார்த்தார். "எல்லாம் செஞ்சாச்சு காக்கா. ஆட்டம் மட்டும் போகல" என்று வருத்தத்தோடு சொல்வார். பாவம், எவ்வளவு பாடுபடுகிறார் என்று எனக்கே இரக்கமாக இருக்கும்.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. காலையில் என்னைப் பள்ளிக்குக் கொண்டுபோகும்போது வண்டி ஆடுவதில்லை. விலை கேட்பவர்கள் வருவது வெயில் ஏறிய பிறகு. வெப்பத்தில் இரும்பு விரியும் என்று புத்தகத்தில் இருக்கிறது. விரிந்து எங்கேயோ இடைவெளி விடுகிறது. எங்கே என்பது மட்டும்தான் பாக்கி. அத்தா அனுப்பிய போனில் வீடியோக்களாகப் பார்த்தேன். ஆங்கிலத்தில் பார்த்தேன், இந்தியில் பார்த்தேன், ஒன்றில் பேச்சே இல்லை, இரண்டு கைகள் மட்டும் வேலை செய்தன. அதுதான் நன்றாகப் புரிந்தது. ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை லேசாக அசைக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து அந்த அசைவைத் தொடர்ந்து போக வேண்டும். எந்த இடத்தில் அது நின்றுபோகிறதோ அங்கேதான் கோளாறு.

ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து ஒரு மிளகாய் வியாபாரி சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை, சாச்சா மதியத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்தார். சாச்சியை இழுத்து வந்து டிரைவர் சீட்டில் ஏற்றினேன். டயர்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, சாக்கை விரித்து, முன்பக்கம் நுழைந்து படுத்தேன்.

"லேசா ஆட்டுங்க சாச்சி."

ஹாரன் அடித்தது.

"ஹாரன் இல்ல சாச்சி, ஸ்டியரிங்கு."

"கைபட்டுருச்சு புள்ள" என்றார். மறுபடியும் கைபட்டது. இந்த முறை நீளமாக. பள்ளிவாசல் வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு ஸ்டியரிங்கைக் கடைசி வரை முறுக்கித் திருப்பினார். அப்படித் திருப்பினால் எல்லாமேதான் அசையும்.

"பல்லி வால ஆட்டுற மாதிரி ஆட்டுங்க. இவ்வளவு முறுக்குனா நான் என்னத்தப் பாக்க?"

"எனக்கு இதெல்லாம் வராது புள்ள. அடுப்புல சோறு கெடக்கு."

"சோறு வடிச்சாச்சு, நான் பாத்தேன்."

இவ்வளவு எளிய வேலைகூடத் தெரியாமல் எப்படி வளர்ந்தார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.  மேலேயிருந்து சாச்சி கேட்டார்: "கண்டுபிடிச்சா என்ன செய்வ?"

"டைட் பண்ணிருவேன்."

"பெறகு?"

"பெறகென்ன, வண்டி வித்துரும். சாச்சா சவுதிக்குப் போயிருவாரு. உங்களுக்கு நல்ல செண்டு வாங்கிட்டு வருவாரு."

அதற்குப் பிறகு ஸ்டியரிங் மெல்ல, நான் சொன்ன அளவுக்கே, இப்படியும் அப்படியும் அசைந்தது.

மேலேயிருந்து வரும் தண்டு அசைந்தது. அது போய்ச் சேரும் ஸ்டியரிங் பாக்ஸுக்குள்ளும் நுழைந்தது. ஆனால் பாக்ஸிலிருந்து சக்கரங்களைத் திருப்ப வெளியே வரும் இரும்புக் கை சும்மா கிடந்தது. அசைவு பாக்ஸுக்குள்ளேயே தொலைந்துபோகிறது. டயருமில்லை, பேரிங்குமில்லை.

வீடியோவில் பார்த்தபடியே பாக்ஸின் தலையில் ஒரு திருகும், அதை நகரவிடாமல் பிடித்து வைக்கிற ஒரு நட்டும் இருந்தன. எங்கள் கரையில் உப்புக்காற்று எதையும் விட்டு வைக்காது. வண்டியின் பின்கதவுக் கொக்கியையே கல்லால் தட்டித்தான் திறப்போம். வெளியே வந்து பானெட்டைத் திறந்தேன். உள்ளே ஒவ்வொரு போல்ட்டும் கருவாட்டுத் துண்டு மாதிரி பொரிந்து கிடந்தது. இந்த நட்டு கழன்றாலே பெரிய விஷயம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பானரை மாட்டினேன். ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி சுற்றியது. திருகைக் கால் சுற்று இறுக்கினேன். ஆட்டம் குறைந்தது. இன்னும் கொஞ்சம். அதிகம் இறுக்கினால் ஸ்டியரிங் திரும்ப மறுக்கும் என்று அந்தப் பேசாத கைகள் காட்டியிருந்தன. அதனால் அங்கேயே நிறுத்தி நட்டைப் பூட்டினேன். சாச்சியை மறுபடி அசைக்கச் சொன்னேன். ஸ்டியரிங் அசைந்தால் சக்கரமும் அசைந்தது.

சாச்சா வந்ததும் சொல்லவில்லை. வியாபாரி எதிரில் தெரியட்டும் என்று வைத்திருந்தேன்.

வியாபாரி வந்தார். சாச்சா வழக்கம்போல, "உள்ளதச் சொல்லிர்றேண்ணே, ஆட்டம் கொஞ்சம் அதிகம்" என்று சாவியைக் கொடுத்தார். நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். வண்டி கடற்கரை ரோட்டில் கோடு கிழித்த மாதிரி போனது. முடக்கு வந்தது, வண்டி திரும்பியது, நேரானது.

"ஆட்டம் ஆட்டம்னீயே தம்பி, எங்கனய்யா இருக்கு ஆட்டம்?" என்றார் வியாபாரி.

சாச்சா ஸ்டியரிங்கைப் பார்த்தார். பிறகு என் விரல்களில் இருந்த கிரீஸைப் பார்த்தார்.

"நாந்தான் சாச்சா சரி பண்ணேன்."

"நீயா" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "படிக்கிற புள்ளல்ல" என்று வியாபாரியிடம் சொன்னார். பெருமையில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நாளைக் காலையில் வந்து பேசி முடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வியாபாரி பஸ் ஏறினார். இரவு சாப்பாட்டில் சாச்சா கை சோற்றிலேயே கிடந்தது. சாச்சி உப்புப் போட மறந்திருந்தார். நான் மட்டும் இரண்டாவது தடவை சோறு வாங்கினேன்.

அத்தாவின் போன் வந்தது. மற்றவர்கள் எடுப்பதற்குள் நான் எடுத்துவிட்டேன். டயரில் தொடங்கி, இரும்புக் கை வரை வந்து, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

"பாக்ஸ் மேல உள்ள நட்டு அத்தா. வெயில்ல விரிஞ்சு லூஸாயிருக்கு. ஸ்பானர வச்சதும் சுத்திருச்சு. நல்ல இரும்பு அத்தா, ஒரு பொட்டுத் துரு இல்ல."

"துரு இல்லயா?"

"பளபளன்னு இருக்கு."

"பக்கத்துல உள்ள நட்டெல்லாம்?"

"அதெல்லாம் அரிச்சுப் போயிக் கெடக்கு."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. சிக்னல் போய்விட்டது என்று, "ஹலோ, ஹலோ அத்தா" என்று கத்தினேன்.

"லைன்லதாம்மா இருக்கேன்" என்றார். "சாச்சாட்ட குடு."

சாச்சா போனை வாங்கிக்கொண்டு வெளியே போய் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் பேசினார்கள். நான் சன்னல் ஓரம் நின்று காதைத் தீட்டியும் ஒரு "சரி காக்கா"கூடக் காதில் விழவில்லை.

மறுநாள் வியாபாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசாவும் வேறு யாருக்கோ போனது. நான் கொதித்துப்போனேன். சரி செய்து கொடுத்த பிறகுமா விற்காமல் இருப்பார்கள்? "நீ ரிப்பேர் பண்ண வண்டிய வெளியாளுக்குக் குடுக்க மனசு வரலம்மா" என்று அத்தா சொன்ன பிறகே அடங்கினேன். அது நியாயமான காரணமாகத் தெரிந்தது. பள்ளி முழுக்க அதைச் சொன்னேன்.

உப்புக்காற்று அடிக்கிற ஊரில் ஒரு நட்டு துருப்பிடிக்காமல் இருந்தால், அதில் அடிக்கடி ஸ்பானர் படுகிறது என்று அர்த்தம். அந்த வண்டியை ஓட்டியவர் என்பதால் அத்தாவுக்கு அது தெரியும். இன்று ஆட்டோமொபைல் படிக்கிற எனக்கும் தெரியும். அன்று எனக்கு வெயிலும் இரும்பும் மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அந்த ஸ்டியரிங் ஆடவே இல்லை. என் கைராசி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடுத்த வருடம் ஒருநாள் பானெட்டைத் திறந்து பார்த்தால் என் நட்டு மற்றவற்றைப் போலவே பொரிந்து, எது எது என்று தெரியாமல் கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடந்துகொண்டிருந்த சாச்சாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எவ்வளவு நல்லா இருந்த நட்டு. ஒரு நாளாவது தொட்டுப் பாத்தீங்களா சாச்சா? இப்படியா துருப்பிடிக்க விடுவாங்க?"

சாச்சா நட்டைப் பார்த்தார். வாசலில் நின்ற சாச்சியைப் பார்த்தார். இருவரும் சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. பொறுப்பில்லாதவர்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே பானெட்டைச் சாத்தினேன்.