ஈச்ச வெல்லம் போட்ட விஸ்கி

போன குளிர்காலத்தில் நான் கலந்த ஓல்டு ஃபேஷன்ட் காக்டெயில் மூன்று தடவை திரும்பி வந்தது. பார் கவுண்டரில் நின்றவர்களுக்கு அந்த வலி தெரியும். வீட்டில் சொல்லி ஆறுதல் தேடவும் முடியாது.

புது உத்தரவு

கொல்கத்தாவில் டாலிகஞ்ச் பக்கம் ஒரு கிளப்பின் பாரில் எனக்கு முப்பத்தொரு வருஷ வேலை. ஓல்டு ஃபேஷன்ட் பெரிய வித்தை இல்லை. சர்க்கரைக் கட்டி, இரண்டு சொட்டு பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாரம், துளித் தண்ணீர். நசுக்கு. விஸ்கி, பெரிய ஐஸ், ஆரஞ்சுத் தோல். கலக்கு. அவ்வளவுதான்.

புதிதாக வந்த கிளப் செகரெட்டரிக்கு அது போதவில்லை. சர்க்கரைக்குப் பதில் நோலேன் குர் வேண்டுமாம். ஈச்ச மரத்து வெல்லம். குளிர் வந்தால் வங்காளிக்கு அது இல்லாமல் பொழுது விடியாது.

"மோனி-தா, சனிக்கிழமை மெம்பர்ஸ் பார்ட்டி. அதுக்குள்ள சரியா வரலேன்னா, கவுண்டர்ல வேற ஆள் நிப்பான்" என்றார். மோனி நான்; தா, தாதா எல்லாம் வங்காளத்தில் அண்ணன்.

பாகு

வெல்லம் என்றால் நம் கை என்ன செய்யும்? கொதிக்கவைத்து, மண் போக வடிகட்டி, பாகு காய்ச்சும். காய்ச்சினேன். கலந்து கோஷ் பாபுவிடம் நீட்டினேன். நாற்பது வருஷ மெம்பர், நாக்கு அப்படி. ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளினார்.

"நிறம் இருக்கு. வாசனையை நீங்களே குடிச்சிட்டீங்களா?"

கட்டி

மறுநாள் காய்ச்சாமல் கட்டியாகவே போட்டேன். ஐஸ் பட்டதும் அது அடியில் கல்லாக உட்கார்ந்துகொண்டது.

"ஸ்பூன் கொடுங்க. இதைக் குடிக்க முடியாது, தோண்டணும்" என்றார் கோஷ் பாபு.

தோல்

மறுபடி பாகு. வாசனைக்கு ஆரஞ்சுத் தோலை விட்டுவிட்டு கந்தராஜ் எலுமிச்சைத் தோல். இங்கே அதைப் பருப்புச் சோற்றில் பிழிவார்கள். எனக்கு அது அப்போது நினைவில்லை. கோஷ் பாபுவுக்கு இருந்தது.

"வாசனை வந்தாச்சு. பருப்பும் சோறும் எப்போ வரும்?"

வெள்ளிக்கிழமை

மதியம் கிச்சன் அடுப்பில் நாலாவது தடவைக்குப் பாகு கொதித்தது. பக்கத்து மேடையில் சந்தேஷ் என்கிற பால் இனிப்பைப் பிடித்துக்கொண்டிருந்த கிச்சன்காரி மிட்டு தீதி பாய்ந்து வந்து அடுப்பை அணைத்தாள். சந்தேஷுக்கே திரிந்த பாலைக் கிளறி இறக்கி, சூடு தணிந்த பிறகுதான் குர் சேர்ப்பார்களாம். கை பொறுக்கும் வெந்நீரில் வெல்லத்தைக் கரைத்து, துணியில் வடித்து, பாட்டிலில் ஊற்றித் தந்தாள்.

"கொதிக்கவச்சா வாசனை கூரைக்குப் போயிடும், தாதா. கூரையா குடிக்கப்போவுது?"

சனிக்கிழமை

கோஷ் பாபு முதல் வாய் குடித்தார். கண்ணை மூடினார். செகரெட்டரி அவர் முகத்தையே பார்த்தார். நானும்தான்.

"மோனி-தா, இந்தத் தடவை வெறும் கிளாஸ்தான் திரும்பி வரும்."

முப்பத்தொரு வருஷம் விஸ்கி கலந்தவன் நான்; அதைச் சரிசெய்தது, விஸ்கி வாசனைக்கே மூக்கைப் பொத்தும் மிட்டு தீதி.