எதிரணியின் பந்தை உதைத்தவர்

மேடையில் நான் தடுமாறிய சந்தர்ப்பங்கள் பல உண்டு. சொல் மறந்து நின்றிருக்கிறேன். மணியடித்த பின்னும் பேசிப் புள்ளி இழந்திருக்கிறேன். பல்கலைக்கழக விவாத அரங்கொன்றில் என் வாதத்தை நானே மறுத்து, எதிரணியின் வேலையைச் சுலபமாக்கியதும் உண்டு. அவற்றில் எதுவும் இன்று என்னை உறுத்துவதில்லை. உறுத்துவது, ஒரு பிழையும் இல்லாமல் நான் பேசிய பேச்சு ஒன்று. அதற்கு எனக்கு முதற்பரிசு கிடைத்தது. அப்போது எனக்குப் பதினொரு வயது.

அந்நாளில் நாங்கள், புலம்பெயர்ந்து வந்த நகரின் புறநகரான பிளாக்ஹவுஸ் பேயில், வாடகை வீடொன்றில் இருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களுடன் இருந்தார். விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் உள்ள ஒரு சரக்குக் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது அவருக்கு வேலை. அங்கே அவருக்குக் கிடைத்த ஒரே சிநேகிதர் கொங்கோ நாட்டுக்காரர். உயரமான, மெல்லப் பேசுகிற மனிதர், ஐம்பதை நெருங்கியிருப்பார். அவருடைய பெயர் எங்கள் வாயில் சரியாக வரவில்லை; வரவழைக்க நாங்கள் பெரிதாக முயலவும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் அவர் கொங்கோக்காரர். எனக்கு மட்டும் அங்கிள்.

ஆபிரிக்க நாடுகளின் கிண்ணப் போட்டி நடக்கும் காலத்தில், ஆட்டங்கள் எங்கள் நேரப்படி காலையில் ஒளிபரப்பாகும். விடுமுறை நாளென்றால் அவர் ஆறு மணிக்கே வந்துவிடுவார். சப்பாத்துகளை வாசலில் சோடியாக வைத்துவிட்டு, மாமாவுக்குப் பக்கத்தில் சோஃபாவின் நுனியில் உட்காருவார். இடைவேளையில் அம்மா தேநீரும் முதல்நாள் ஆட்டுக்கறியுடன் பாணும் கொடுப்பார். அப்போதுதான் அவர் கதைக்கத் தொடங்குவார். அந்தப் போட்டி முதன்முதலில் சூடானில் மூன்றே நாடுகளுடன் நடந்ததையும், கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே அணியில் அனுப்ப மறுத்ததால் தென்னாபிரிக்கா வெளியே நின்றதையும் அவரிடம்தான் கேட்டேன். ஆபிரிக்காவுக்கென்று நேரடி இடம் ஒன்றும் இல்லை என்றபோது, அந்தக் கண்டமே ஓர் உலகக் கிண்ணத்தைப் புறக்கணித்ததையும் அவர்தான் சொன்னார். தன் நாடு இரண்டு முறை ஆபிரிக்காவின் சம்பியனானதைச் சொல்லும்போது மட்டும் சற்று நிமிர்ந்து உட்காருவார். முதற்தடவை அவர் மூன்று வயதுக் குழந்தை. இரண்டாம் தடவை பள்ளிச் சிறுவன். நாட்டுக்கு அப்போது சயீர் என்று பெயர்.

இந்தக் கதைகளின் மதிப்பை நான் உடனே உணர்ந்தேன் என்று பெருமையாகச் சொல்லலாம்; ஆனால் நான் உணர்ந்த மதிப்பு வேறு. தமிழ்ப் பள்ளிகளுக்கிடையிலான பேச்சுப் போட்டி ஓகஸ்டில் வருவதாக இருந்தது. முன்னைய இரண்டு ஆண்டுகளும் இரண்டாம் இடத்துக்கு வந்திருந்தேன். இரண்டு முறையும் சுழற்கேடயத்தைக் கொண்டுபோனவள் பாட்டனி டவுன்ஸ் என்ற புறநகரிலிருந்து வந்த ஒருத்தி. இரண்டு முறையும் அவள் பேசியது தாய்மொழியின் பெருமையைப் பற்றி. நடுவர்கள் அறியாத பொருள் ஒன்றோடு மேடையேறினால் வெல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. வகுப்புத் தோழர்கள் பெற்றோருக்கு ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிக்கொண்டு திரிந்த காலத்தில், ‘ஆபிரிக்க உதைபந்தாட்டத்தின் எழுச்சி’ என்று தலைப்பிட்டு நான் ஆறு நிமிடப் பேச்சொன்றை எழுதத் தொடங்கினேன்.

செய்தி அறிந்த கொங்கோக்காரர் அடுத்த சனிக்கிழமையே ஒரு கொப்பியுடன் வந்துவிட்டார். அதில் ஆண்டுகளையும் நாடுகளையும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். சயீர் சம்பியனான பக்கத்தில் இரண்டு கோடுகள் இழுத்திருந்தார். அந்தக் கொப்பியில் இருந்ததெல்லாம் சரியாக இருந்தது. ஆனால் சிரிப்புக்கு அதில் ஒன்றும் இல்லை.

சிரிப்பு ஏன் வேண்டும் என்பதை விளக்க வேண்டும். போட்டியின் புள்ளித்தாளில் பொருளுக்கும் உச்சரிப்புக்கும் உள்ளதைப் போலவே அங்க அசைவுக்கும், அவையைக் கவர்தலுக்கும் தனித்தனிப் புள்ளிகள் உண்டு. அம்மா அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தார். எப்போது சிரிக்க வைப்பது, எப்போது கலங்க வைப்பது என்பதில் அவருக்கு உறுதியான கொள்கைகள் இருந்தன.

“மூண்டாம் நிமிசத்திலை சிரிப்பு, அஞ்சாம் நிமிசத்திலை கண்ணீர்,” என்றார். “மாத்திச் செய்தா சனம் சிரிச்சுக்கொண்டே வீட்டை போயிடும், புள்ளி விழாது.”

அந்த மூன்றாம் நிமிடத்தை நான் தொலைபேசியில் தேடிக் கண்டுபிடித்தேன். உலகக் கிண்ணத்தின் வேடிக்கைகள் என்று தொகுக்கப்பட்ட காட்சிகளில் அது முதலாவதாக இருந்தது. எழுபத்து நான்காம் ஆண்டு, மேற்கு ஜெர்மனி. பிரேசிலுக்கு ஒரு ஃப்ரீ கிக்; முதலில் உதைக்கும் உரிமை அவர்களுக்குத்தான். பந்து தரையில் இருக்கிறது. சயீர் ஆட்டக்காரர்கள் சுவர்போல வரிசையாக நிற்கிறார்கள். விசில் ஊதப்படுகிறது. பிரேசில்காரர் இன்னும் பந்தைத் தொடவில்லை. திடீரென்று சுவரிலிருந்து ஒருவர் பாய்ந்து ஓடிவந்து, எதிரணியின் பந்தைத் தானே ஓங்கி உதைத்து அனுப்பிவிடுகிறார். பிரேசில்காரர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். விதியே தெரியாமல் உலகக் கிண்ணத்துக்கு வந்தவர்கள் என்று வர்ணனையாளர் சிரிக்கிறார். நானும் படுக்கையில் புரண்டு சிரித்தேன்.

அப்படியே எழுதினேன். விதி தெரியாத காலத்திலிருந்து உலகை வெல்லும் காலம் வரை என்று பேச்சுக்கு நல்ல ஏறுமுகமும் கிடைத்தது. ஒத்திகை பார்த்த அன்று மாமா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

“எடி பிள்ளை, அவை அந்த வருசம் ஆபிரிக்காச் சம்பியன் எல்லே. கொப்பியிலை கோடும் போட்டிருக்கு. அதை ஏன் விட்டனி?”

“அதைச் சொன்னா, பிறகு ஆர் மாமா சிரிக்கிறது?”

மாமா வாய்விட்டுச் சிரித்தார். “இவள் அரசியலுக்குத்தான் போவாள், அக்கா. இப்பவே பாதியைத்தான் சொல்லுறாள்.”

பாராட்டாகவே அதை எடுத்துக்கொண்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. அந்த அணி எப்பேர்ப்பட்ட அணி என்பது எனக்குத் தெரியும், தெரிந்துதான் வெட்டினேன்.

போட்டி நாளன்று விடாமல் மழை. ஓர் உயர்நிலைப் பள்ளியின் மண்டபத்தில் ஈரக் குடைகளும் மல்லிகை வாசமுமாகக் கூட்டம் நிறைந்திருந்தது. மாமா கொங்கோக்காரரையும் அழைத்து வந்திருந்தார். கொங்கோக்காரர் சாம்பல் நிற சூட் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். அப்படி அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. இரண்டாம் வரிசையில், மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமா அவருக்கு மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு.

பட்டுப் பாவாடையுடன் ஒலிவாங்கியின் முன் நின்றேன். அவையை வணங்கினேன், நடுவர்களை வணங்கினேன். சூடான் வந்தது, புறக்கணிப்பு வந்தது. நாட்டின் பெயர் ஒவ்வொன்று வரும்போதும் இரண்டாம் வரிசையில் அவர் தலையசைத்தார். தமிழுக்குள் அவருக்குப் புரிந்தவை அந்தப் பெயர்கள் மட்டுமே. அவற்றைப் பிடித்துக்கொண்டே என் பேச்சைத் தொடர்ந்தார். “சயீர்” என்றபோது முன்னால் சரிந்து உட்கார்ந்தார்.

மூன்றாம் நிமிடம். பிரேசில்காரராக மாறிப் பந்தை வைத்தேன். விசில் ஊதினேன். பிறகு, விழிகளை உருட்டிக்கொண்டு, பாவாடையை ஒரு சாண் தூக்கி, மேடையின் ஓரத்திலிருந்து ஓடிவந்து காற்றை ஓங்கி உதைத்தேன். “அவையோர்களே, உலகக் கிண்ணத்துக்கு வந்துவிட்டார்கள், விதிப்புத்தகத்தை வீட்டில் மறந்துவிட்டார்கள்!” என்றேன்.

மண்டபம் அதிர்ந்தது. நடுவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மாமா எல்லோருக்கும் முன்பே சிரித்தார். சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினார். அப்படியே சிரிப்பை நிறுத்தினார். கொங்கோக்காரர் அவரிடம் ஏதோ கேட்டார். மாமா குனிந்து ஏதோ சொன்னார். நான் ஐந்தாம் நிமிடத்தின் கண்ணீரை நோக்கி விரைந்துகொண்டிருந்தேன், அதற்குமேல் கவனிக்கவில்லை.

கேடயம் எனக்குத்தான். அதை மார்போடு அணைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றபோது அவர் என்னிடம் வந்தார். கைகொடுத்தார். குரல் நன்றாக இருந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு, “எல்லோரும் எதற்குச் சிரித்தார்கள்?” என்று கேட்டார்.

என் நடிப்பைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். “அந்த ஆட்டக்காரருக்கு விதி தெரியாது. அதற்குத்தான்,” என்றேன், நானும் ஆங்கிலத்தில்.

“அவர் மிக நல்ல ஆட்டக்காரர்.”

“இருக்கலாம். ஆனால் அது பிரேசிலின் பந்து. அவர் அதை உதைத்தார். விதி தெரிந்த ஒருவர் ஏன் அப்படிச் செய்யப்போகிறார்?”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, “ஓம், நீ சொல்வது சரி,” என்றார். ஓம் என்பதை மட்டும் தமிழில் சொன்னார். மாமாவிடம் பழகிய சொல்.

அதன்பின் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த கிண்ணப் போட்டியின்போது மாமா தனியாக உட்கார்ந்து பார்த்தார். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, ஷிஃப்ட் மாறிவிட்டது என்றார். பின்னர் அவர் குடும்பத்தோடு பிரிஸ்பேனுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். ஆட்டுக்கறி மிஞ்சிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அவரை நினைத்துக்கொண்டார். நான் நினைத்ததாக நினைவில்லை.

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. விளையாட்டும் அரசியலும் பற்றிய விவாதம் ஒன்றுக்குத் தயாராகும்போதுதான் சயீர் என்ற பெயரை மறுபடி சந்தித்தேன். அந்த அணிக்குத் தருவதாக வாக்குறுதி அளித்த பணம் கொடுக்கப்படவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவர்களுக்கு எதிராக ஒன்பது கோல்கள் விழுந்தன. அதன்பின் ஜனாதிபதியின் ஆட்கள் வந்து, பிரேசிலிடம் மூன்று கோல்களுக்கு மேல் வாங்கினால் வீடு திரும்ப வேண்டாம் என்று எச்சரித்ததாக அந்த அணியினர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அந்த உதை, நேரத்தைக் கடத்தவா, கோபத்தை வெளிக்காட்டவா என்று இரண்டு விதமாகவும் சொல்லப்படுகிறது. விதி தெரியாமல் உதைத்தார் என்பதை மட்டும் அவர்கள் எவரும் சொல்லவில்லை. ஆட்டம் மூன்று கோல்களோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் வியக்கவில்லை.

“தெரியும் பிள்ளை. போட்டி முடிஞ்சு அடுத்த கிழமையே கொங்கோக்காரர் வேலையிலை சாப்பாட்டு நேரத்திலை சொன்னவர். அந்தக் கோஷ்டியிலை ஒராளின்ரை தாய் அவையின்ரை தெருவிலைதானாம். அண்டைக்கு அவையின்ரை வீட்டிலை இருந்துதான் ரேடியோ கேட்டவவாம். மூண்டாவது கோல் விழுந்த உடனை, அவ அழுற சத்தம் வெளியிலை ஆருக்கும் கேக்கக்கூடாதெண்டு, இவரின்ரை தகப்பன் எழும்பி யன்னலெல்லாம் சாத்தினவராம். இவருக்கு அப்ப ஒன்பது வயசு.”

மண்டபத்தில் அவர் என்ன கேட்டார் என்று கேட்டேன்.

“என்ன சொல்லுறாள் எண்டு கேட்டவர். நான் பொய் சொன்னனான். உங்கட ஆக்கள் பயமில்லாமல் விளையாடினவை எண்டு சொல்லுறாள், சனம் சந்தோசத்திலை சிரிக்குது எண்டு.” மாமா தன் கைகளைப் பார்த்தார். “முதல் சிரிச்சவன் நான்தானே. அதைப் பக்கத்திலை இருந்து பாத்தவர்.”

“ஏன் எனக்கு ஒருவரும் சொல்லேல்லை?”

“அவர்தான் சொல்லவேண்டாம் எண்டவர்.”

பிரிஸ்பேன் முகவரி மாமாவிடம் இல்லை. இருந்தாலும் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய பெயரை எப்படி எழுதுவது என்றே எனக்குத் தெரியாது.

பதில் இருப்பவர் சொல்லுவார். சொல்லாமல் விடுகிறவர் தோற்றவர். பதினொரு வயதில் விவாதத்தைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது அவ்வளவுதான். அந்த நடைபாதையில் அவரிடம் பதில் இருந்தது. தான் ஒன்பது வயதில் அறிந்துகொண்டதை, பட்டுப்பாவாடை கட்டிய இந்தப் பிள்ளை இன்னும் கொஞ்சக் காலம் அறியாமல் இருக்கட்டும் என்று அவர் தோற்றுக் கொடுத்தார். நானோ, அந்த நாட்டுக்காரர் ஒருவரையே வாதத்தில் வென்றுவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்ல, கேடயத்தையும் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினேன்.