ஸ்பீக்கருக்குச் செருகிய எக்ஸ்ரே

ஊர்காவற்றுறை சில்வெஸ்ரர் பைபர் வள்ளங்களின் ஓட்டை அடைப்பவர். அவர் அடைத்த இடத்தில் பிறகு தண்ணீர் கசிந்ததில்லை. அந்தத் துணிவில்தான் வீட்டிலிருந்த பழைய ஸ்பீக்கர் பெட்டியிலும் கைவைத்தார்.

மனைவி யூலியானா கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். சத்திரசிகிச்சை முடிந்து எலும்பு பொருந்திவிட்டது. நடக்கத்தான் பயம். இப்படியே கிடந்தால் பிறகு எழும்பவே ஏலாது, படுக்கைப்புண்ணும் வரும் என்று வீட்டுக்கு வரும் தாதி ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அந்தப் பெட்டியில் மாதா பாட்டு ஓடினால் மட்டும் யூலியானா எழும்பி, பாட்டு முடியும்வரை வோக்கரைப் பிடித்து அறைக்குள் நடப்பார்.

ஒருநாள் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்து கரகரத்தது. சில்வெஸ்ரர் வள்ளத்துப் பிசினைக் குழைத்துத் தடிப்பாகப் பூசினார். அது கல்லாய் இறுகியது. சத்தம் அடியோடு நின்றது.

“இனி அது கடலிலை மிதக்கும். பாடாது,” என்றார் யூலியானா படுத்தபடியே.

சில்வெஸ்ரர் போனில் பாட்டுப் போட்டுப் பார்த்தார்.

“காதுக்கை நுளம்பு கத்துறமாதிரிக் கிடக்கு. நிப்பாட்டுங்கோ.”

அந்தக் கிழமை முழுக்க அவர் வோக்கரைத் தொடவில்லை. சில்வெஸ்ரர் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, வேலணையில் கோயில்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் அப்புத்துரையிடம் போனார்.

“காகிதம் ஆடினாத்தான் சத்தம் வரும். நீர் அதை நங்கூரம் போட்டு நிப்பாட்டியிருக்கிறீர்.”

“தெரியாமல் செய்துபோட்டன், அண்ணை. மனுசி எழும்புறாவில்லை.”

பிசின் வழிந்து உள்ளே கம்பிச்சுருளையும் பிடித்திருந்தது. அப்புத்துரை வேறொரு பழுதான ஸ்பீக்கரிலிருந்து சுருளோடு கூம்பைக் கழற்றி எடுத்தார். “சுருள் காந்தத்திலை முட்டக்கூடாது. பசை காயுமட்டும் இடுக்கிலை சுத்திவரச் செருக மெல்லிய கீலம் வேணும். எக்ஸ்ரே படம் இருக்கோ?”

இருந்தது, யூலியானாவின் மெத்தைக்குக் கீழே. வருகிற சனத்துக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிற படம். வீட்டுக்கு வந்து, கேட்கத் தயங்கி நின்ற சில்வெஸ்ரரிடம் அவரே அதை இழுத்து நீட்டினார்.

“முறிஞ்ச எலும்பின்ரை படம்தானே. கொண்டுபோய் வெட்டுங்கோ.”

மறுநாள் பசை காய்ந்ததும் அப்புத்துரை கீலங்களை உருவினார். வீட்டில் மாதா பாட்டின் முதல் வரி முடியுமுன்பே யூலியானா வோக்கரைப் பிடித்துவிட்டார்.

சில்வெஸ்ரர் நல்ல பாரை மீனொன்றோடு வேலணைக்கு ஓடினார். அப்புத்துரை கையெடுத்து மறித்தார்.

“கோயிலிலை கொடியேறீட்டுது. திருவிழா முடியுமட்டும் வீட்டிலை மீன் மச்சம் இல்லையப்பா.”

கொடுக்க நினைத்ததைக் கொடுக்காமல் விடச் சில்வெஸ்ரருக்கு மனம் வரவில்லை. திருவிழா முடியக் கொடுக்கலாமென்று மீனைக் கீறி, உப்புப் போட்டுத் தன் வீட்டு முற்றத்தில் காயக் கட்டிவிட்டு வள்ளத்தடிக்குப் போனார்.

மத்தியானம் வந்து வேலிப் படலையைத் திறந்தபோது பாட்டு ஓய்ந்திருந்தது. யூலியானா அறையில் இல்லை. ஒரு கையால் வோக்கரையும் மறு கையால் ஈர்க்குமாறையும் பிடித்தபடி வாசற்படியில் நின்றார். எதிரே வேலியில் ஒரு காகம்.

“வாயைப் பிளந்துகொண்டு நிக்காமல் காகத்தைக் கலையுங்கோ,” என்றார். “அது அப்புத்துரையண்ணையின்ரை மீன்.”