ரதி பாடி முடிக்கும் வரை

நெருப்பில் காய்ச்சிய தப்பு மேளத் தோலின் வாடை... அது மூக்கில் ஏறினால் போதும், எந்த மாதமானாலும் எனக்கு மாசி வந்துவிடும்.

ஆளுக்கொரு பிடித்த பாட்டைச் சொல்லிவிட்டு என்னையும் கேட்கிறீர்கள். எனக்குப் பாட்டுக்கா குறைச்சல்? தேயிலைக் கொழுந்து மலையில் எங்களை வேலை வாங்கும் கங்காணியின் தொந்தியைக் கிண்டல் பண்ணி ஒரு பாட்டுக் கட்டியிருந்தோம். அவர் பக்கத்தில் வந்தால் அந்த இடத்தில் மட்டும் எல்லாரும் ‘ம்ம்ம்’ என்று இழுப்போம். அவரும் தலையாட்டிக் கேட்பார், பாவம். பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டு ஒன்றும் இருக்கிறது. அதைப் பாடினால் பிள்ளை தூங்குமோ இல்லையோ, நான் தூங்கிவிடுவேன்.

ஆனால் எல்லாக் காலத்துக்கும் பிடித்த பாட்டு என்றால் ஒன்றே ஒன்றுதான். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வாய் வரவில்லை.

மடுல்சீமைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். மாசிப் பிறை கண்டதும் கோயில் முன்னால் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவார்கள். ரதி வேஷம் கட்டுவது என் அண்ணன் வேலு. பகலெல்லாம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற ஆம்பிளைதான். ஆனால் சேலை கட்டி, முகத்தில் வெள்ளை பூசி, எரிந்த காமனின் சாம்பலைச் சுற்றி வந்து புருஷனுக்காக அழுது பாடினால்... அழாத ஆள் கிடையாது. கல்நெஞ்சுக்காரக் கணக்கப்பிள்ளையே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

காப்புக் கட்டிவிட்டால் பத்தியம். காமன் எரிந்து, ரதி பாடி முடிக்கும் வரை வீட்டுக்குப் போகக்கூடாது, பெண்டாட்டி முகம் பார்க்கக்கூடாது, படுக்கை கோயிலில்தான். நேர்த்தி தவறினால் தோட்டத்துக்கே ஆகாது என்று எல்லாரும் நம்பினோம். நானுந்தான்.

ஒரு வருஷம் அண்ணன் காப்புக் கட்டிப் பத்து நாள் கழித்து மதினிக்குக் காய்ச்சல் கண்டது. பேச்சி என்று பெயர். என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. ஒரே மலையில் கொழுந்து பறித்து, ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள் நாங்கள். கசாயம் வைத்துக் கொடுத்தேன். தோட்டத்து மருந்துக்காரர் ஏதோ வெள்ளை மருந்து கொடுத்தார். பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாமென்றால் மழையில் பாதை அறுந்து கிடந்தது. அண்ணனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று மதினியே தடுத்துவிட்டாள். நேர்த்தி கெட்டுவிடுமாம்.

காமன் எரிகிற நாள், பொழுது சாய்கிற நேரம். லயத்து வீடுகளின் ஆட்கள் எல்லாம் கோயிலில். மதினி கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தாள். அந்தச் சூட்டை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

“ஒங்க அண்ணன ஒருக்கா கூட்டிட்டு வா, ராசாத்தி. வாசல்ல நின்னாலும் போதும். பாத்துக்கிறேன்.”

பக்கத்து அறையில் இருந்த காம்பராக்காரியை உட்கார வைத்துவிட்டு ஓடினேன். கோயில் மேட்டில் ஏறும்போது கம்பம் எரிந்து முடிந்திருந்தது. அண்ணன் அப்போதுதான் சாம்பலைச் சுற்ற ஆரம்பித்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். ஒரு எட்டு வைத்திருந்தால் அவன் சேலையைத் தொட்டிருப்பேன்.

தொடவில்லை.

அப்படி ஒரு பாட்டை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தப்புக்காரர்கள் கூட அடக்கித்தான் அடித்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனாயே என்று சாம்பலைக் கையில் அள்ளிக் கேட்கிறாள் ரதி... என் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். எதற்காக ஓடி வந்தேன் என்பதே மறந்துபோனது.

கங்காணி என்னைப் பார்த்தது அதற்கப்புறம்தான். கிட்டே வந்து விஷயத்தைக் கேட்டார். “பாட்டு முடியட்டும் தாயி. நடுவுல நிறுத்துனா குத்தமாயிரும்” என்றார்.

பின்னால் தோட்டமே கங்காணியைத்தான் பழி சொன்னது. நானும் சேர்ந்து சொன்னேன். உண்மை என்ன தெரியுமா? அவர் தடுக்கும்போது பாட்டில் பாதி போய்விட்டது. அதுவரை என்னை யாரும் தடுக்கவில்லை. நான் பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

முடிந்ததும் சொன்னேன். கட்டிய சேலையோடு ஓடினான் அண்ணன். நாங்கள் வாசலுக்கு வரும்போது காம்பராக்காரி தலைமாட்டில் விளக்கேற்றியிருந்தாள். இப்போதுதான் மூச்சு அடங்கியது, அதுவரை கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது என்றாள்.

அண்ணன் அழவில்லை. இருந்த அழுகை முழுவதையும் கோயிலில் கொட்டிவிட்டு வந்திருந்தான். முகத்து வெள்ளை வேர்வையில் வழிய, என் பக்கம் திரும்பினான்.

“நீ எப்ப வந்த அங்க?”

“பாட்டு முடியிறப்பத்தாண்ணே.”

மூன்றாம் நாள், கூத்து முறைப்படி, எரிந்த காமனை உயிரோடு எழுப்பினார்கள். மேட்டில் குலவைச் சத்தம் கேட்டது. அந்த நேரம் நாங்கள் கீழே மதினியின் குழிமேல் பால் தெளித்துக்கொண்டிருந்தோம்.

நேர்த்தி மூன்று வருஷம். அடுத்த மாசியிலும் அண்ணனே வேஷம் கட்டினான். நான் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கை தானாகவே விலகிவிட்டது. என்ன ஜென்மமோ நான்.

இப்போது பதுளையில் மகளோடு இருக்கிறேன். தெருமுனைச் செட்டியார் கடைக்குக் கிராமபோன் பெட்டி வந்திருக்கிறது. நெஞ்சைப் பிழிகிற பாட்டு ஓடும். மிளகாய் கேட்டு ஒரு ஆள் வந்தால் முள்ளைத் தூக்கிவிடுவார்கள். மிளகாயை நிறுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி முள்ளை வைப்பார்கள். ஒருத்தருக்கும் குற்றமில்லை, சாமிக்கும் கோபமில்லை. அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது எனக்கு.

அண்ணன் போன தை மாதம் லுணுகலையில் தவறிப்போனான். வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நான் அன்று சொன்னதைக் கடைசிவரை நம்பினான். அவனிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்கிறேன்.

அண்ணே... நீ பாட ஆரம்பிக்கும்போதே நான் வந்துட்டேன்.