எழும்பாதீங்க மாமி

பதுருன்னிஸா என்கிற பேரை ஷஃபீகா முதன்முதலாகக் கேட்டது, தன் கல்யாணப் பேச்சு நடந்த அன்றைக்கு. அவள் உம்மாவும் பெரியம்மாவும் மாப்பிள்ளை வீட்டாரை வேரோடு பிடுங்கி அலசிக்கொண்டிருந்தார்கள்.

"ஹம்தானுக்கு உம்மா யாரு? அபுல் ஹஸன் பொஞ்சாதி பதுருன்னிஸாவா? கொழும்புல கடை வச்சிருந்த லெப்பை வீட்டுப் பேத்தில்லா அவ!"

"அவளேதான். கல்யாண வீட்டுல நாலஞ்சு பேரு சுத்தி உக்காந்து திங்கிற சஹன் தட்ட, சோத்தோட ஒத்தையாத் தூக்கிட்டு வருவாளே!"

"ஏளா ஷஃபீகா, மாமியாகிட்ட மல்லுக்கு நிக்காத. ஒன்னையும் தூக்கிருவா."

காயல்பட்டினத்தில் பெண் கட்டிக்கொடுத்த பிறகும் தாய் வீட்டில்தான் இருப்பாள். மாப்பிள்ளைதான் அங்கே வருவார். ஷஃபீகாவும் அப்படித்தான் இருந்தாள். மாமனார் அபுல் ஹஸன் மவுத்தானதும், பெண் பிள்ளை இல்லாத மாமியைத் தனியே விட மனம் கேட்காமல், தானாகவே அந்த வீட்டுக்குக் குடிவந்தாள். துபாயிலிருந்து அவள் புருஷன் ஹம்தான் போனில் அழுதான்.

"உம்மாவ உன் கையிலதான் விட்டிருக்கேன்."

அந்தச் சொல்லை அவள் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மாமி இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. வீட்டுக்குள் நடக்காதே, வேலை செய்யாதே என்று எந்த ஆலிமும் சொன்னதில்லை. சொன்னது ஷஃபீகாதான். மாமி ஒரு செம்புத் தண்ணீர் மொள்ளப் போனாலும், "எழும்பாதீங்க மாமி, நான் எதுக்கு இருக்கேன்?" என்று ஓடிவருவாள். கட்டிலுக்கே தேநீர் வந்தது, ரஸ்க் வந்தது, கஞ்சி வந்தது. முள் தொண்டையில் சிக்கும் என்று மீனை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றினாள். வாய்வு என்று முட்டையை நிறுத்தினாள். புருஷன் போன பிறகு மாமிக்கும் சோறு இறங்கவில்லை. வெயில் விழுகிற முற்றத்தையோ, உம்மா மழையில் வழுக்கிவிடக் கூடாதென்று ஹம்தான் முன்னமே ஷீட் போட்டு அடைத்திருந்தான்.

"மருமவன்னா இவல்லா மருமவ! மாமியப் பூப்போல வச்சிருக்கா" என்றார்கள் தெருப் பெண்கள்.

இத்தா முடிந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்து, தொடையில் கை ஊன்றி, "யா அல்லாஹ்" என்றுதான் மாமியால் எழ முடிந்தது. துக்கம் என்று நினைத்தாள் ஷஃபீகா. வயசு என்றார்கள் மற்றவர்கள். குளிப்பாட்டும்போது மாமியின் கைச்சதை ஈரத் துணிபோலத் தொங்குவதைப் பார்த்தாள். பாவம், அலுத்துப்போயிருக்கிறாள் என்று இன்னும் கொஞ்சம் படுக்க வைத்தாள்.

ஒருநாள் மதியம் லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்க மாமி தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். எழ வரவில்லை. கூப்பிட்டால் பிள்ளை பதறுவாளே என்று தானாக எம்பியிருக்கிறாள். விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது.

தூத்துக்குடியில் ஆபரேஷன் ஆனது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "வைட்டமின் டி ரொம்பக் கம்மி. சதையும் கரைஞ்சிருக்கு. என்ன சாப்பிடுதாங்க?" என்று கேட்டார்.

"கஞ்சி, டீ... ரஸ்க்கு. நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம் டாக்டர்?"

"ஊருக்குப் பஞ்சமில்லம்மா. இவங்க மேல படணும்லா? மீனு, முட்டை, பருப்புன்னு உள்ள போகணும், காலும் நடக்கணும். இந்த வயசுல படுத்துட்டா சதை வெரசாப் போயிரும். திரும்ப வாரதுதான் பெரும்பாடு."



மறுநாள் பயிற்சி கொடுக்க வந்த ஜெப்ஸி என்கிற பெண் வாக்கரைக் கட்டிலோடு ஒட்டி வைத்து, "எழும்புங்க பாட்டி" என்றாள்.

மாமி சிரித்தாள். "இவகிட்டக் கேளும்மா. எழும்பப்படாதுன்னு என் மருமவ உத்தரவு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஷஃபீகா வராந்தாவுக்குப் போய், சேலை முந்தியை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் முற்றத்து ஷீட்டைக் கழற்றச் சொன்னாள். மீனை முள் பார்த்து ஊட்டினாள், முட்டை அவித்தாள், மாத்திரை தவறவில்லை. "ஒரே ஒரு தடவ எழும்புங்க மாமி" என்று கெஞ்சினாள். மாமியும் எம்பிப் பார்த்தாள். கால் வெடவெடவென்று ஆடி மடங்கியது.

"ஒன்மேல குத்தமில்லளா" என்றாள் மாமி ஒருநாள். "நீ எழும்பாதன்னு சொன்னது எனக்கும் சொகமாத்தான் இருந்துச்சு. அவரு போன பெறவு, எழும்பி எங்க போவ?"



ஹம்தான் லீவில் வந்து, உம்மாவின் காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனான். பதுருன்னிஸா இப்போது காயல்பட்டினத்தில், அதே வீட்டில், அதே கட்டிலில் இருக்கிறாள். ஷஃபீகா பிடித்துக்கொண்டால் உட்காருகிறாள். நிற்பதில்லை.