கொழும்புக் குளிசை

தொண்ணூறுகளில் ஜெர்மனியில், டோர்ட்முண்டில் இருந்தோம். அகதி வழக்கு முடியவில்லை, மருத்துவக் காப்புறுதியும் இல்லை. என் கணவரின் வலிப்புக் குளிசையை இங்கே வாங்கினால் கட்டுப்படியாகாது. அதனால் கொழும்பிலிருந்து வருபவர்களிடம் தம்பி கொடுத்துவிடுவான். அங்கே மருந்துக்கடையில் எண்ணிப் போட்டுத் தரும் காகிதப் பையில் ‘காலை 1, இரவு 1’ என்று மட்டும் எழுதியிருக்கும்.

ஒருநாள் அவருக்கு வலிப்பு நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன மருந்து என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஓடிப்போய்த் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“வெள்ளைக் குளிசை அக்கா. பேர் கடைக்காரருக்குத்தான் தெரியும். இப்ப கடை பூட்டு. விடியப் போய்க் கேக்கிறன்.”

திரும்பி வந்தேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார், மறுபடி கேட்கவில்லை.

என் கணவர் பிழைத்துவிட்டார். ஆனாலும் இன்றும் எந்தக் குளிசையையும் பெயரை வாய்விட்டுப் படித்த பிறகுதான் கொடுக்கிறேன். அன்று அந்த டாக்டர் மறுபடி கேட்காமல் விட்ட கேள்விக்குத்தான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.